12 அடி, 32 டிகிரி, மலை முழுக்கச் சிவப்பு

12 அடி! கொஞ்ச நாளாக எங்கள் வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் இந்த எண்தான் வருகிறது. நாங்கள் வாடகைக்கு எடுக்கப்போகும் ஆர்.வி.யின் உயரம் அது, கூரைமேல் உட்கார்ந்திருக்கும் ஏசியையும் சேர்த்து. செப்டம்பர் கடைசியில் அதில் ஏறி வடக்கே போய், வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் மலைகளில் மேப்பிள் மரங்கள் சிவப்பதைப் பார்த்துக்கொண்டே தெற்கே இறங்கி வரப்போகிறோம். வழியில் ஒரு பழைய கோட்டை, கூரை போட்ட மரப்பாலங்கள், மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் ஜனாதிபதியான வீடு! போய்வந்த பிறகு எல்லோரும் புகைப்படம் காட்டுவார்கள். அதற்கு முன்னால் நடக்கிற அமர்க்களத்தை யாரும் காட்டுவதில்லை. அதைத்தான் காட்டப்போகிறேன். உள்ளே வாருங்கள்.

இது நியூ ஜெர்சியில் அக்கா வீடு. டைனிங் டேபிள் முழுக்க வரைபடம். நாலு மூலையிலும் அது சுருண்டுகொள்ளாமல் இருக்க ஊறுகாய் பாட்டில்கள். அக்கா மகள் கையில் மூன்று மார்க்கர். சிவப்பு இலைக்கு, நீலம் சரித்திரத்துக்கு, கறுப்பு ‘இங்கே நம்ம வண்டி போகாது’ என்பதற்கு. வண்டி ஓட்டப்போவது அத்தான். தண்ணீர், கழிவு, கேஸ் எல்லாம் என் வீட்டுக்காரர் பொறுப்பு. சமையலறை அக்காவும் நானும். தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் அம்மா, யாரும் கேட்காமலேயே தலைமைப் பொறுப்பை ஏற்றுக்கொண்டுவிட்டார்.

ஆர்.வி.யில் பல ரகம். பஸ் மாதிரி நீளமாக இருப்பது கிளாஸ் ஏ. வேனுக்குள் வீட்டை அடக்கியது கிளாஸ் பி. நடுத்தரமான கிளாஸ் சி-யைத்தான் எடுக்கிறோம்: முன்னால் லாரி முகம், பின்னால் வீடு, ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு பரண் படுக்கை. அந்தப் பரணுக்கு இப்போதே இரண்டு பிள்ளைகள் துண்டு போட்டுவிட்டார்கள். இதை ஓட்டச் சாதாரண கார் உரிமமே போதும் என்று தெரிந்த அன்று அத்தான் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! ஒரு கேலனுக்கு 8 முதல் 10 மைல்தான் கொடுக்கும் என்று தெரிந்தபோதும் அந்தச் சிரிப்பு குறையவில்லை.

சரி, அந்த 12 அடிக்கு வருவோம். நியூ ஜெர்சியிலிருந்து வடக்கே போக எத்தனையோ அழகான சாலைகள் உண்டு. அவற்றில் பல, 1930-களில் கார்களுக்காக மட்டுமே போட்ட ‘பார்க்வே’க்கள். மேலே செல்லும் பாலங்கள் கல் வளைவுகளாக, கண்ணுக்குக் குளிர்ச்சியாக, ஆனால் தாழ்வாக இருக்கும். கனெக்டிகட்டின் மெரிட் பார்க்வேயில் 8 அடிக்கு மேல் உயரமான வண்டிக்கு அனுமதியே இல்லை. பாஸ்டனில் சார்ல்ஸ் நதியோரம் போகும் ஸ்டாரோ டிரைவ் இன்னும் பிரசித்தம்: ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் வீடு மாற்றும் மாணவர்களின் வாடகை லாரிகள் அங்கே பாலத்தில் கூரையைக் கிழித்துக்கொண்டு நிற்கும். அதோடு, வண்டியில் புரொப்பேன் சிலிண்டர் இருப்பதால் ஹட்சன் நதிக்கு அடியில் போகும் ஹாலந்து, லிங்கன் சுரங்கங்களும் கிடையாது. அக்கா மகள் எல்லாவற்றுக்கும் கறுப்புக் கோடு இழுத்தாள். மிஞ்சியது, வடக்கே சுற்றிப்போய் நதியை ஒட்டி ஏறும் நெடுஞ்சாலை. எனக்கு அதில் ஏக சந்தோஷம். ஏனென்றால் அந்த வழி நேராக ஒரு கோட்டை வாசலில் கொண்டுபோய் விடுகிறது.

டைகொண்டரோகா! சொல்லிப் பாருங்கள், வாய் நிறையும். சாம்ப்ளேன் ஏரி ஓரத்தில் 1755-ல் பிரெஞ்சுக்காரர்கள் கட்ட ஆரம்பித்த கோட்டை. பிறகு பிரிட்டிஷார் கைக்குப் போனது. 1775 மே 10 விடியற்காலையில் ஈதன் ஆலனும் பெனடிக்ட் ஆர்னால்டும் சிறு புரட்சிப் படையோடு உள்ளே புகுந்து தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பிப் பிடித்தார்கள். எனக்குப் பிடித்த கதை அதற்கு அடுத்தது. பாஸ்டனைப் பிரிட்டிஷ் படை பிடித்து வைத்திருக்கிறது. வெளியே முற்றுகையிட்டிருக்கும் வாஷிங்டனிடம் கனமான பீரங்கி இல்லை. பீரங்கி இருப்பதோ 300 மைல் தள்ளி இந்தக் கோட்டையில். “நான் போய்க் கொண்டுவருகிறேன்” என்று கிளம்பியவர் ஹென்றி நாக்ஸ். வயது 25. தொழில்? பாஸ்டனில் புத்தகக் கடை! பீரங்கியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்தக் கடையிலிருந்த புத்தகங்களில் படித்தது. 1775 டிசம்பரில் கிட்டத்தட்ட 60 டன் எடையுள்ள பீரங்கிகளை முதலில் படகிலும், பிறகு பனிச்சறுக்கு வண்டிகளிலும் ஏற்றி, மாடுகளையும் குதிரைகளையும் பூட்டி, உறைந்த ஆறுகளையும் பெர்க்‌ஷயர் மலையையும் தாண்டி ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கொண்டுவந்து சேர்த்தார். மார்ச் 4 இரவு அவற்றில் பல டார்செஸ்டர் குன்றுகளில் ஏறின. 17-ந் தேதி பிரிட்டிஷார் கப்பலேறி பாஸ்டனை விட்டுப் போனார்கள்.

இந்தக் கதையை அத்தான் டேபிளில் சொன்னபோது அம்மா கேட்ட கேள்வி: “மாப்பிள்ளை, அறுபது டன்னை அந்தப் புள்ள பனியில இழுத்துக்கிட்டு வந்திருக்கு. நம்ம வண்டிக்குத்தான் இவ்வளவு யோசனையா?” அந்தக் கேள்வியில்தான் பயணத்தின் வடிவமே பிறந்தது. பீரங்கிகள் புறப்பட்ட இடத்தில் தொடங்குவோம், போய்ச் சேர்ந்த இடத்துக்குப் பக்கத்தில் முடிப்போம். நடுவில் மட்டும் நாக்ஸ் வழியை விட்டுவிட்டு, இலை இருக்கும் பக்கமாக மலைகளைச் சுற்றிக்கொண்டு போவோம்!

இப்போது இலைக்கு வருகிறேன். இந்தப் பகுதியை எழுதத்தான் காலையிலிருந்து கை துறுதுறுக்கிறது.

பகல் குறையக் குறைய மரம் பச்சையம் தயாரிப்பதை நிறுத்துகிறது. பச்சை வடிந்ததும், கோடை முழுக்க இலைக்குள்ளேயே மறைந்திருந்த மஞ்சளும் ஆரஞ்சும் வெளியே தெரிகின்றன. பிர்ச் மரத்தின் மஞ்சள் அப்படி வருவது. சிவப்பு அப்படியில்லை, அது முன்பே இருந்ததல்ல. இலைக்காம்பின் அடியில் தக்கை போன்ற ஓர் அடுக்கு வளர்ந்து வழியை அடைக்க, இலையில் தங்கிப்போன சர்க்கரையிலிருந்து ஆந்தோசயனின் என்ற நிறமியை மரம் அந்தச் சில வாரங்களில் புதிதாகச் செய்கிறது. விழப்போகிற இலையில் புதிதாக வண்ணம்! அதற்குப் பகலில் நல்ல வெயில் வேண்டும், இரவில் குளிர் வேண்டும். ஆனால் உறையக் கூடாது. 32 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கிக் கடும் உறைபனி விழுந்தால் சிவப்பு ஊறுவதற்குள் இலை கருகிவிடும். 32-க்குக் கொஞ்சம் மேலே நின்றால் மலை பற்றிக்கொண்டதுபோல் சிவக்கும்.

இங்கேதான் என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். ஆர்.வி. கையேட்டிலும் அதே 32! இரவு அதற்குக் கீழே போனால் வெளிக் குழாயில் மாட்டிய தண்ணீர் ஹோஸ் உறைந்து வெடிக்கும். தொட்டியை நிரப்பிக்கொண்டு ஹோஸைக் கழற்றி உள்ளே வைத்துவிட வேண்டும். மேப்பிள் இலைக்கும் எங்கள் குழாய்க்கும் ஒரே லட்சுமணக் கோடு. எந்த வாரம் இலைக்கு நல்லதோ அந்த வாரமே வண்டிக்கும் நல்லது என்பது எங்களுக்குக் கிடைத்த பெரிய வரம். தாமதமாகப் போனால் இரண்டும் போச்சு.

ஆகவே நாள்காட்டி. வண்ணம் வடக்கிலிருந்து தெற்குக்கும், மலை உச்சியிலிருந்து பள்ளத்தாக்குக்கும் இறங்கிவரும். வெர்மான்ட்டின் வடகிழக்கு மூலையில் செப்டம்பர் கடைசி வாரமே ஆரம்பம். நியூ ஹாம்ப்ஷயரின் வெள்ளை மலைகளில் அக்டோபர் முதல் வாரம். தெற்கு வெர்மான்ட் அதற்கடுத்த வாரம். மாசசூசெட்ஸ், கனெக்டிகட் அக்டோபர் பாதிக்கு மேல். மரங்களுக்குள்ளும் வரிசை உண்டு: ஈர நிலத்துச் செம்மேப்பிள் முந்திக்கொள்ளும், சர்க்கரை மேப்பிள் ஆரஞ்சும் சிவப்புமாகப் பின்னாலேயே வரும், வெள்ளை ஆஷ் ஊதா கலந்த வெண்கல நிறம் காட்டும், ஓக் எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கடைசியில் பழுப்பாகும். வெர்மான்ட் வனத்துறை பருவம் முழுக்க எந்த உயரத்தில் எவ்வளவு மாறியிருக்கிறது என்று அறிக்கை தருகிறது. அக்கா அதைப் பஞ்சாங்கம் பார்க்கிற பக்தியோடு படிக்கிறார்.

பஞ்சாங்கமும் டேபிளில் இருக்கிறது! செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை, புரட்டாசி. இந்தப் பயணம் முழுக்க சைவம். அதில் வாதமே இல்லை. வாதம் வந்தது மாவிளக்கில். சனிக்கிழமை மாவிளக்கு போடாமல் அம்மா இருக்கமாட்டார். ஆர்.வி.க்குள்ளோ புகை வந்தாலும் அலாரம், கேஸ் கசிந்தாலும் அலாரம். வெளியே கேம்ப்கிரவுண்ட் பெஞ்சில் காற்றுக்கு மறைவாக ஏற்றலாம் என்று தீர்மானமாயிற்று. அக்கா ஒரு படி மேலே போனார்: “வெல்லத்துக்குப் பதிலா மேப்பிள் சர்க்கரை போட்டா என்னம்மா?” வெர்மான்ட்டின் மாநில மரமே சர்க்கரை மேப்பிள்தான். வசந்தத் தொடக்கத்தில் அதன் தண்டில் துளையிட்டு வடித்த நீர் சுமார் 40 கேலனைக் காய்ச்சினால் ஒரு கேலன் சிரப் கிடைக்கும். மேலும் காய்ச்சிக் கிளறினால் சர்க்கரை. அம்மா ஒரு நிமிஷம் யோசித்தார். “மரம் குடுத்ததுதானே. பெருமாள் வேண்டாம்னா சொல்லப்போறார்?” எங்கள் கூட்டத்திலேயே நான் மனதாரக் கைதட்டிய தீர்ப்பு அது.

சமையலறைக்குள் இன்னும் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். கேம்ப்கிரவுண்டில் மின்சாரம் தரும் இடத்தில் எங்கள் அளவு வண்டிக்கு 30 ஆம்பியர் கிடைக்கும். 120 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 3,600 வாட். இண்டக்‌ஷன் அடுப்பு 1,800, மைக்ரோவேவ் சுமார் 1,500. கூடவே மிக்சியைத் தட்டினால் பிரேக்கர் விழும். அதனால் இட்லிக்கு ஆவி போகும்போது சட்னி அரைக்கக் கூடாது என்பது சட்டமாகிவிட்டது. வெர்மான்ட் மாநிலப் பூங்காக்களிலோ அந்த 30 ஆம்பியரும் இல்லை. மின்சாரம், தண்ணீர், கழிவு எந்த இணைப்பும் வண்டி நிற்குமிடத்தில் கிடையாது. அங்கே புரொப்பேன் அடுப்புதான். மாவு வீட்டிலேயே புளிக்க வைத்து எடுத்துப்போகிறோம், மலைக்குளிரில் அது பொங்காது. தேங்காய்ச் சட்னிக்கு விடுமுறை. மிளகாய்ப்பொடி, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி மூன்றும் வண்டியேறுகின்றன.

விறகு மட்டும் இங்கிருந்து கொண்டுபோகக் கூடாது. வெர்மான்ட்டும் நியூ ஹாம்ப்ஷயரும் பதப்படுத்தாத வெளிமாநில விறகைத் தடை செய்திருக்கின்றன. எமரால்ட் ஆஷ் போரர் என்ற மரகதப் பச்சை வண்டு விறகுக்குள் ஒளிந்து பயணம் செய்து, போன இடத்து ஆஷ் மரங்களைக் கொன்றுவிடும். நாம் பார்க்கப்போகிற அந்த ஊதா வெண்கல நிறம் பிழைத்திருக்க வேண்டுமென்றால் விறகை அங்கேயே வாங்க வேண்டும். இந்த விதியைப் படித்ததும் எனக்கு மனம் கனத்தது. அத்தானின் கொல்லைப்புற விறகுக்கட்டு அப்படியே இருக்கட்டும்.

கழிவுத் தொட்டி விஷயத்தை யாரும் பத்திரிகையில் எழுதமாட்டார்கள். நான் எழுதுவேன், ஏனென்றால் பயணத்தின் நிம்மதி அதில்தான் இருக்கிறது. கழிப்பறை நீர் சேர்வது பிளாக் டாங்க். குளியல், பாத்திரம் கழுவிய நீர் கிரே டாங்க். டம்ப் ஸ்டேஷனில் முதலில் பிளாக்கைத் திறந்து காலி செய்ய வேண்டும், பிறகு கிரே. அப்போதுதான் சோப்புத் தண்ணீர் பாய்ந்து குழாயைக் கழுவிவிடும். இந்த வரிசையின் அழகு புரிந்த அன்று என் வீட்டுக்காரர் அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒட்டினார். இணைப்பில்லாத இடங்களில் தண்ணீர் தொட்டி எல்லோருக்கும் பொதுச்சொத்து. காவிரிக்கரையில் வளர்ந்த அம்மா, ஒரு சொம்பில் பாத்திரம் தேய்க்கும் வித்தையைப் பேரன் பேத்திக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிவிட்டார்.

மூன்றாவதாக ஒரு கடிகாரமும் ஓடுகிறது: கதவு சாத்தும் தேதி. அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை விடுமுறை. அந்த வாரக்கடைசியில் நியூ இங்கிலாந்தின் ஒவ்வொரு மலைப்பாதையிலும் கூட்டம் அலைமோதும். அதையொட்டி வெர்மான்ட்டின் பல கேம்ப்கிரவுண்டுகள் பூட்டப்பட்டுவிடும். அதற்கு முன் வாரநாட்களில் மலையில் இருக்க வேண்டும், விடுமுறைக் கூட்டம் ஏறும்போது நாம் இறங்கியிருக்க வேண்டும்.

மலையில் எங்களுக்கு மகுடம், கான்காமகஸ் நெடுஞ்சாலை. லிங்கனிலிருந்து கான்வே வரை 34 மைல் சொச்சம், முழுதாகத் திறந்தது 1959-ல். உச்சிக் கணவாய் 2,855 அடி. பெயர், இந்த மண்ணின் பென்னகூக் மக்களின் தலைவர் ஒருவருடையது. வழியில் பெட்ரோல் பங்க் இல்லை, கடை இல்லை, ஊரே இல்லை. இரண்டு பக்கமும் காடும் ஆறும்தான். எங்கள் வண்டி தாராளமாகப் போகலாம்! அக்கா மகள் சிவப்பு மார்க்கரை அங்கே இரண்டு முறை இழுத்தாள். ஆனால் வெர்மான்ட்டின் ஸ்மக்ளர்ஸ் நாட்ச்சுக்குக் கறுப்பு. பாறைகளுக்கு நடுவே பின்னிப் போகும் அந்தப் பாதையில் நீண்ட லாரிகள் திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்வது ஆண்டுதோறும் செய்தி.

கான்காமகஸை ஒட்டியே 1858-ல் கட்டிய ஆல்பனி மரப்பாலம். கூரையும் சுவரும் போட்ட பாலம், உள்ளே நுழைந்தால் வீட்டுத் திண்ணை மாதிரி. ஏன் கூரை? அடியிலுள்ள பெருமரங்கள் நனைந்து உளுத்துப்போகாமல் இருக்க. திறந்த மரப்பாலம் இருபது வருஷம் நின்றால் அதிகம். கூரை போட்டது நூறு தாண்டும். பனிக்காலத்தில் சறுக்கு வண்டி போக வேண்டுமே என்று வெளியிலிருந்து பனியை அள்ளிவந்து பாலத்துக்குள் பரப்புவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள்! இந்தத் தகவலில் பிள்ளைகள் இரண்டு பேரும் துள்ளிக் குதித்தார்கள். இந்தப் பாலத்துக்குள் எங்கள் 12 அடி நுழையாது. நல்லதாகப் போயிற்று. காரில் வந்தால் சில விநாடியில் கடந்துவிடுவோம். நாங்கள் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, பலகை அதிர, இடுக்கு வழியே ஆறு தெரிய, நடந்தே கடக்கப்போகிறோம். திரும்பும் வழியில் கார்னிஷ்-விண்ட்சர் பாலத்தையும் கரையில் நின்று பார்க்கிறோம். 1866-ல் 9,000 டாலரில் கட்டியது. கனெக்டிகட் ஆற்றைத் தாண்டி சுமார் 450 அடி நீளத்துக்கு இரண்டு மாநிலங்களைச் சேர்த்துவைத்திருக்கிறது.

அடுத்த நீலப் புள்ளிதான் விளக்கு வெளிச்ச வீடு. வெர்மான்ட்டில் பிளிமத் நாட்ச் என்ற குக்கிராமம். 1923 ஆகஸ்டில் துணை ஜனாதிபதி கால்வின் கூலிட்ஜ் அப்பா வீட்டுக்கு விடுமுறைக்கு வந்திருக்கிறார். சான் பிரான்சிஸ்கோவில் ஜனாதிபதி ஹார்டிங் இறந்துபோகிறார். இந்த வீட்டில் டெலிபோன் இல்லை, மின்சாரம் இல்லை; நள்ளிரவில் ஆள் வந்து சொல்கிறார். கூலிட்ஜின் தந்தை ஒரு நோட்டரி. அதிகாலை 2.47-க்கு, மண்ணெண்ணெய் விளக்கடியில், அப்பாவே மகனுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். பிறகு புது ஜனாதிபதி போய்ப் படுத்துவிட்டார்! அந்த அறையும் கிராமமும் அப்படியே காக்கப்பட்டிருக்கின்றன. சுற்றிலும் மேப்பிள் மலை. பருவம் அக்டோபர் நடுவோடு முடிந்துவிடும், ஆகவே அந்தத் தேதியை அக்கா மகள் மூன்று நிறத்திலும் வட்டமிட்டிருக்கிறாள்.

ஓரிடத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டோம். வெர்மான்ட்டின் பாம்ஃப்ரெட்டில் ஒரு தனியார் பண்ணை, படங்களில் பார்த்தால் மயங்கிவிடுவீர்கள். படமெடுக்க வந்த கூட்டம் வேலிக்குள் புகுந்து, வழியை அடைத்து, 2023 இலைப்பருவத்தில் ஊரே அந்தச் சாலையை வெளியாருக்கு மூடிவிட்டது. சரியான முடிவு. அங்கே வசிப்பவர்களுக்கு அது வீடு.

மாசசூசெட்ஸின் சேலம் வேண்டும் என்று பிள்ளைகள் பிடித்த பிடி இன்னும் தளரவில்லை. 1692-ல் சூனிய வழக்கு நடந்த ஊர். அக்டோபர் முழுக்க ஹாலோவீன் திருவிழா. அந்தக் குறுகிய தெருக்களில் எங்கள் வண்டியை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. பதிலுக்கு அதே மாநிலத்தின் கான்கார்டில் முடிக்கிறோம்: 1775 ஏப்ரல் 19-ல் புரட்சியின் முதல் நாள் சண்டை நடந்த வடக்குப் பாலம், 1845 முதல் 1847 வரை தோரோ குடிசை போட்டு வாழ்ந்த வால்டன் குளம். இலையுதிர்கால வண்ணங்களைப் பற்றி மட்டுமே அவர் ஒரு முழுக் கட்டுரை எழுதினார். அவர் மறைந்த 1862-லேயே அது அச்சேறியது. சட்ட மறுப்பு பற்றி அவர் எழுதியதைக் காந்தி படித்துப் போற்றியது அம்மாவுக்குத் தெரியும், அதனால் குளத்தைச் சுற்றி முழுசாக நடந்தே தீர வேண்டும் என்கிறார். அங்கிருந்து வண்டியைக் கேம்ப்கிரவுண்டில் விட்டுவிட்டு ரயிலேறினால் கேம்பிரிட்ஜ். நாக்ஸின் பீரங்கிகள் வந்து சேர்ந்த ஊர். ஸ்டாரோ டிரைவின் தாழ்ந்த பாலங்களை நாங்கள் தொடவே வேண்டாம்!

இன்னும் தீராதது ஒன்றுதான். கான்காமகஸ் பக்கம் சில கேம்ப்கிரவுண்டுகளில் முன்பதிவு கிடையாது. முதலில் வருபவருக்கு முதல் இடம். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போய் நின்றால் போதும் என்கிறேன் நான். “எட்டு” என்கிறார் அத்தான். அம்மா ஊறுகாய் பாட்டிலை நகர்த்திவிட்டு வரைபடத்தில் அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்துச் சொல்கிறார்: “ஆறரைக்குப் போயிடுவோம். காபி அங்க போட்டுக்கலாம்.”